உறை பிரியாத மதிப்புரை

சொந்தக் காசில் புத்தகம் அச்சிட்டவரின் அவதியை இந்நாட்டுத் தமிழர் நன்கறிவர். எழுதியவரின் கட்டிலுக்குக் கீழே தூசி படிந்து கிடக்கும் பிரதிகளும், வெளியீட்டு விழாவில் முன்வரிசையில் அமர்ந்திருந்தவர்கள் பிரதி விற்கும் மேசையைக் கண்டதும் பின்வாசலால் நழுவிய கதையும் எமக்குப் புதியன அல்ல. ஆனால் சொந்தக் காசில் ஒரு விளையாட்டை அச்சிட்டவரின் அவதி யாது என்று கேட்டால், விடை சொல்லக்கூடியவர் இப்பகுதியில் அதிகம் பேர் இரார். அவ்வவதியை அனுபவித்தவர் என்ற ஒரே தகுதியைக் கொண்டு இதனை எழுதத் துணிகின்றோம்.

வடமராட்சியிலுள்ள கல்லூரியொன்றில் நாம் வரலாறு கற்பித்து வருகின்றோம். 2019ஆம் ஆண்டில் ஒருநாள், மதிய உணவுக்குப் பின்வந்த பாடவேளையில், ஒன்பதாந் தர மாணவர் முப்பத்திரண்டு பேரில் இருபது பேராவது கண்ணைத் திறந்தபடியே உறங்கிக்கொண்டிருந்தனர். பாடம் கரையோர வணிகம். வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், இவ்வூர் மாலுமிகளோடு பெருங்கடல் கடந்து 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த செய்தியைச் சொன்னோம். நான்கு பேர் விழித்தனர். "அப்படியொரு கப்பலுக்கு நீதான் தண்டயல், புகையிலை ஏற்றியிருக்கின்றாய், எங்கே கொண்டுபோய் விற்பாய்?" என்று ஒருவனைக் கேட்டோம். வகுப்பு முழுவதும் விழித்துக்கொண்டது. கரும்பலகையில் கடலை வரைந்து, வெண்கட்டித் துண்டுகளைக் கப்பல்களாக்கி நடத்திய வணிகம் அன்று மணி அடித்த பின்னரும் ஓயவில்லை.

அவ்வெண்கட்டித் துண்டுகளே பின்னர் "பாய்க்கப்பல்" என்னும் பலகை விளையாட்டாயின. கொரோனாவால் பாடசாலைகள் மூடிக்கிடந்த 2020, 2021ஆம் ஆண்டுகளில் வீட்டுத் திண்ணையில் இருந்து அதனைத் திருத்தித் திருத்தி வரைந்தோம். நால்வர் ஆடலாம். தாயக்கட்டைக்குப் பதிலாக ஆறு சோகிகள். வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்டு நாகபட்டினம், கொச்சி, ரங்கூன் முதலிய துறைகளிலே சரக்கு விற்று, வாங்கி, முதலில் ஆயிரம் பொன் சேர்த்து ஊர் திரும்புபவர் வென்றவர். அச்சிட எண்ணிய 2022ஆம் ஆண்டில் கடதாசிக்கு வந்த பஞ்சத்தை வாசகர் மறந்திரார். மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகளே கடதாசியின்றிப் பிற்போடப்பட்ட காலம் அது. ஆகவே பொறுத்திருந்து, 2023ஆம் ஆண்டு ஆவணியில் 300 பெட்டிகள் செய்வித்தோம்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எமது வீட்டுக் குசினியின் கூரை பழையது. ஓடுகள் பல உடைந்தவை. அதனை மாற்றுவதற்கென்று இல்லாள் மூன்றாண்டுகள் சீட்டுப் பிடித்துச் சேர்த்த 5 லட்சம் ரூபா இருந்தது. "இஞ்சாருங்கோ, ஒரு மாரி எண்டால் பொறுக்கலாம். இரண்டு மாரி ஏலாது" என்ற ஒரே நிபந்தனையோடு அதனை எம் கையில் தந்தார். அந்நிபந்தனை எமது காதில் விழுந்தது. மனத்தில் விழுந்ததாகச் சொல்வதற்கில்லை.

பெட்டி ஒன்றுக்கு 1,650 ரூபா செலவாயிற்று. விலையை 2,500 ரூபா என்று குறித்தோம். நாற்பது பெட்டிகளைக் கடைகளுக்குக் கொடுத்த பின்னர், ஆசிரியர் ஓய்வறையில் கணித ஆசிரியர் ஒருவர் எம்மிடம் விவரம் கேட்டார். கடைக்காரருக்குக் கழிவு நூற்றுக்கு 35 என்றோம். அவர் மேசையில் கிடந்த கடித உறையின் முதுகில் இரண்டு வரி எழுதி எம்மிடம் நீட்டினார். கழிவு 875 போக எமக்கு வருவது 1,625. ஆகவே கடையிலே விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் நாம் 25 ரூபா நட்டப்பட ஏற்பாடு செய்திருந்தோம். "விற்காமல் விட்டால் நட்டம் கூட, விற்றால் நட்டம் குறைவு. ஆனபடியால் முயற்சியைக் கைவிட வேண்டாம்" என்று அவர் தேற்றினார். கணித ஆசிரியர்களின் ஆறுதல் எப்போதும் இவ்வகைத்தே.

அன்றிரவு ஆறுதல் தேடிப் படித்தபோது எம்மினும் பெரிய வள்ளல்கள் இருவரைக் கண்டோம். கனடாவின் மொன்றியல் நகரிலே கிறிஸ் ஹேனி, ஸ்கொட் அபொட் என்னும் பத்திரிகைத் தொழிலாளர் இருவர் 1979ஆம் ஆண்டிறுதியில் ஒரு பொது அறிவு விளையாட்டைக் கற்பித்தனர். "ட்ரிவியல் பர்சூட்" என்று பின்னர் உலகம் அறிந்தது அதுவே. 1981இல் முதற்றடவை செய்த 1,100 பெட்டிகளில் ஒவ்வொன்றுக்கும் 75 டொலர் செலவாகியதாம். கடைகளுக்கு அவர்கள் கொடுத்ததோ 15 டொலருக்கு. எமது 25 ரூபா உடனே சிறுத்துப் போயிற்று. இரண்டு ஆண்டுகளின் பின், 1983இல், அமெரிக்காவில் அதனை விற்ற நிறுவனத்தார் செய்த விளம்பர உபாயம் எளிமையானது. அவ்விளையாட்டின் கேள்விகளில் இடம்பெற்ற பிரபலங்களுக்கே அதனை இலவசமாக அனுப்பிவைத்தனர். அவர்கள் தம் நண்பரோடு ஆடினர். நண்பர் கடைக்கு ஓடினர். 1984ஆம் ஆண்டில் மட்டும் விற்றவை ஏறத்தாழ 20 மில்லியன் பெட்டிகள் என்பர்.

இதைப் படித்தால் எந்த மனிதனுக்குத்தான் தலை சுற்றாது? மறுநாளே பன்னிரண்டு பெட்டிகளைப் பொதி செய்தோம். பத்திரிகை அலுவலகங்களுக்கு ஐந்து, ஊர்ப் பிரமுகருக்கு ஆறு, பத்திரிகைத் துறையில் இருக்கும் எமது இளமைக்கால நண்பருக்கு ஒன்று. தபாற்செலவோடு அவை எம்மை விட்டுப் போன நாளில் மனம் மிக நிறைந்திருந்தது.

பிரமுகர் அறுவரில் ஒருவர் மட்டும் பதில் எழுதினார். "தங்கள் அரிய நூல் கிடைத்தது, ஓய்வில் படித்து இன்புறுவேன்" என்பது அப்பதில். மற்றொரு பிரமுகரின் பேரன் அப்பெட்டியின் மரக்கப்பல்களைக் குளியல் தொட்டியில் மிதக்கவிட்டான் என்று கேள்வியுற்றோம். அறுவரில் எமது விளையாட்டைப் பயன்படுத்தியவன் அவன் ஒருவனே.

பத்திரிகை அலுவலகங்களின் கதை வேறு. இரண்டு வாரம் பொறுத்து ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தோம். "விளையாட்டொன்று அனுப்பியிருந்தோம், மதிப்புரை வருமா?" என்றோம். "விளையாட்டா? பொறுங்கள்" என்று இணைப்பை மாற்றினர். மறுமுனையில் வந்தவர் மிகுந்த பரபரப்போடு, "எந்த மைதானம்? எத்தனை ஓவர்? புள்ளி விவரத்தைச் சொல்லுங்கோ" என்றார். எமது பாய்க்கப்பல், காற்பந்துக்கும் கிரிக்கெற்றுக்கும் உரிய பக்கத்தின் மேசைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது! ஓடுவதையும் விளையாட்டு என்போம், இருந்த இடத்தில் சோகி உருட்டுவதையும் விளையாட்டு என்போம். தமிழ் மொழியின் தாராளம் அன்று எமக்குப் பகையாயிற்று. இலக்கியப் பக்கத்தாரோ புத்தகத்துக்கு மட்டுமே மதிப்புரை என்றனர். சிறுவர் பக்கத்தார் நிறந்தீட்டும் போட்டிக்குப் பரிசாக அப்பெட்டியைத் தரலாமா என்று கேட்டனர், கொடுத்தோம்.

இவ்விடத்திலே ஜேர்மனியைப் பற்றி ஒரு சொல். அங்கே பத்திரிகைகளில் பலகை விளையாட்டுக்களுக்கு மதிப்புரை எழுதுவதையே பணியாகக் கொண்டோர் உளர். அத்தகையோர் சேர்ந்து "ஆண்டின் விளையாட்டு" என்னும் விருதை 1979ஆம் ஆண்டு முதல் வழங்கி வருகின்றனர். முதல் விருதைப் பெற்றது டேவிட் பார்லெட் என்னும் ஆங்கிலேயர் ஆக்கிய முயல், ஆமை விளையாட்டு. விருதோடு பணமுடிப்பு எதுவும் இல்லை. ஆயினும் அவ்விருதின் இலச்சினை பெட்டி மேல் ஏறினால் பல்லாயிரம் வீடுகளில் அது நுழையும். காரணம், அம்மதிப்புரையாளர் ஆக்கியோரும் அல்லர், விற்போரும் அல்லர். ஆடிப் பார்த்துச் சொல்பவர். எம் நாட்டில் தாயமும் ஆடு புலியும் ஆடாத ஊர் இல்லை; அவற்றைப் பற்றி ஒரு பத்தி எழுதுபவரைக் காண்பதுதான் அரிது.

எமக்கு வந்த முதல் மதிப்புரை எமது நண்பர் எழுதியது. அதனை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எமது படத்தோடு, கால் பக்கம். "தமிழர் கடலாண்ட பெருமையைத் தாங்கி நிற்கும் கலைக்களஞ்சியம்", "ஒவ்வொரு தமிழ் இல்லத்திலும் இருக்க வேண்டிய பொக்கிஷம்" என்றெல்லாம் இருந்தது. அன்னபூரணியைப் பற்றிப் பெட்டியின் பின்புறத்தில் நாம் எழுதியிருந்த ஏழு வரிகள் அப்படியே இடம்பெற்றிருந்தன. எவ்வாறு ஆடுவது என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. எனினும் நாம் அதனை வெட்டி எடுத்து, ஆசிரியர் ஓய்வறையில் யாரும் கேளாமலே நால்வருக்குக் காட்டினோம்.

ஒரு மாதம் கழித்து நண்பரின் வீட்டுக்குச் சென்றோம். தேநீர் வரும்வரை புத்தக அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எமது பெட்டி கண்ணிற் பட்டது. பொலித்தீன் உறை பிரிக்கப்படவேயில்லை. அச்சகத்தில் ஒட்டிய விலைச்சீட்டும் மடியாமல் இருந்தது. நண்பர் எம் பார்வையைக் கவனித்துவிட்டார். "நீ எழுதினது நல்லாய்த்தானே இருக்கும், அதைத் திறந்து பார்க்க வேணுமே?" என்றார். அன்பினாற் சொன்ன சொல், அதில் ஐயமில்லை. அந்தப் புகழுரையைப் படித்துவிட்டுப் பெட்டி வாங்கியவர்களைப் பின்னர் கணக்கெடுத்தோம். இருவர். ஒருவர் எமது மைத்துனர்.

காணொளிகளிலே பொருள்களை விமர்சிக்கும் ஓர் இளைஞரையும் அணுகினோம். "அறிமுகம் எண்டால் 25,000 ரூபா, ஐயா. நல்ல விமர்சனம் எண்டால் 40,000" என்று மரியாதையோடு விலை கூறினார். கெட்ட விமர்சனத்துக்கு எவ்வளவு என்று கேட்டோம். அவர் சிரித்தார், நாம் விளையாட்டாகக் கேட்கவில்லை.

இதற்கிடையே மாரி வந்துவிட்டது. கார்த்திகை மாதத்து இரவுகளில் குசினிக்குள் மூன்று இடங்களில் ஒழுகியது. வாளி, அண்டா, சோற்றுப் பானை என்று மூன்றையும் வைத்துவிட்டு, 236 பெட்டிகளை முன்னறையிலிருந்து படுக்கையறைக்கும் படுக்கையறையிலிருந்து சாமியறைக்கும் நாமும் பிள்ளைகளும் சுமந்தோம். இல்லாள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இனி எழுதப்போவதை எழுதுவதற்குச் சற்றுத் தயக்கமாக இருக்கின்றது.

கல்லூரியில் மாணவர் நடத்தும் கையெழுத்துச் சஞ்சிகைக்கு நாமே பொறுப்பாசிரியர். மாதந்தோறும் எழுதி, படப்பிரதி எடுத்து, வகுப்புக்கு இரண்டாக வழங்குவர். அம்மாத இதழுக்குப் பத்தாந் தர மாணவன் ஒருவன், யாரும் கேளாமலே, பாய்க்கப்பலுக்கு ஒரு மதிப்புரை எழுதிக் கொண்டுவந்தான். நூலகத்துக்கு நாம் கொடுத்திருந்த பெட்டியை மூன்று நண்பரோடு ஆடிப் பார்த்திருக்கின்றான். அரைப் பக்க அளவுதான். படங்கள் அழகானவை என்றும், மரக்கப்பல்கள் கைக்கு இதமானவை என்றும் தொடங்கியிருந்தான். அதன் பின் வந்த பகுதி இது: "ஆனால் முதலில் ரங்கூனுக்குப் போகிறவரே எப்போதும் வெல்கிறார். நாங்கள் ஏழு தரம் விளையாடினோம். ஏழு தரமும் அப்படியே நடந்தது. அதனால் மூன்றாம் தரத்துக்குப் பிறகு மற்றத் துறைமுகங்களுக்கு ஒருவரும் போகவில்லை. ஒரே வழியில் நான்கு கப்பலும் போனால் பார்க்கப் பேருந்து நிலையம் போல இருக்கிறது."

எமது கையில் சிவப்பு மைப் பேனா இருந்தது. நாம் "ஆனால்" என்ற சொல்லிலிருந்து இறுதி வரை ஒரு கோடிழுத்தோம்.

இதழ் வெளிவந்த நாளன்று அவன் எமது மேசையருகில் வந்து நின்றான். "சேர், மிச்சம் எங்கை?" என்றான். "இடம் போதவில்லை, தம்பி" என்றோம். அவன் இதழைப் பார்த்தான். அவனுடைய மதிப்புரைக்குக் கீழே எஞ்சிய இடத்தை நிரப்புவதற்காக யாரோ ஒரு பெரிய தாமரைப் பூ வரைந்திருந்தனர். அவன் அதையும் பார்த்தான், எம்மையும் பார்த்தான், "சரி சேர்" என்று போய்விட்டான். இருபது ஆண்டு ஆசிரியத் தொழிலில் மாணவர் பலரிடம் பொய் கேட்டிருக்கின்றோம். நாம் சொன்ன பொய்யை ஒரு மாணவன் அவ்வளவு மரியாதையாக ஏற்றுக்கொண்டது அன்றுதான்.

அவ்வாறு நாம் ஏன் செய்தோம்? அவன் பிழையாக எழுதினான் என்பதனால் அன்று. அது சரியாக இருக்குமோ என்ற அச்சத்தினால். திண்ணையில் ஆடியபோது இல்லாளும் பிள்ளைகளும் எமக்கு விட்டுக்கொடுத்தே ஆடினர் என்பது பின்னரே தெரிந்தது. வேற்று மனிதர் நால்வர், நாம் அருகில் இல்லாமல், வெல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு ஆடிய முதல் ஆட்டம் அம்மாணவருடையதே.

2024ஆம் ஆண்டு தைப்பொங்கல் வந்தது. வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே அந்நாளில் நடக்கும் பட்டப் போட்டிக்குத் திரளும் சனத்தை அறியாதார் இரார். அங்கே ஒரு மேசை போட்டு, வருவோர் போவோரை ஆடச் செய்தால் விளம்பரம் தானாக நடக்கும் என்று யோசனை கூறியவர் கணித ஆசிரியரே. மேசையையும் நான்கு நாற்காலிகளையும் உழவு இயந்திரத்தில் ஏற்றிக் கொண்டுபோனோம். வானத்தில் பாம்புப் பட்டமும் விமானப் பட்டமும் கப்பற் பட்டமும். கீழே எமது பலகை. முதல் ஆட்டத்துக்குச் சோகி உருட்டியதுதான் தாமதம், வாடைக்காற்று ஒரு வீச்சு வீசிச் சரக்குச் சீட்டுக்கள் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போயிற்று. பட்டங்களைப் பார்க்க வந்த பிள்ளைகள் எமது புகையிலையையும் அரிசியையும் மணலில் துரத்தினர்.

அப்போது நாற்காலியொன்றில் வந்தமர்ந்தவர் தொண்ணூறைத் தாண்டிய ஒரு பெரியவர். பேர்த்தி கையைப் பிடித்துக் கொண்டுவந்திருந்தாள். பலகையை நெடுநேரம் பார்த்தார். துறைமுகங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். "தம்பி, இது எந்த மாசம் வெளிக்கிடுகிற கப்பல்?" என்றார்.

"எந்த மாதத்திலும் வெளிக்கிடலாம், ஐயா."

"ரங்கூனுக்கும்?"

"ரங்கூனுக்கும்."

"அப்ப உது கப்பல் இல்லைத் தம்பி. பஸ்."

சுற்றி நின்றவர் சிரித்தனர். பெரியவர் சிரிக்கவில்லை. தம் தகப்பனார் ரங்கூனுக்கு ஓடியவர் என்றும், தாம் சிறுவனாய்ச் சமையலுக்கு உதவியாக நாகபட்டினம் வரை மட்டுமே போனவர் என்றும் சொன்னார். "சோளகத்திலை போக வேணும், வாடையிலை திரும்ப வேணும். போனவன் காத்து மாறும் மட்டும் அங்கை கிடக்க வேணும். ரங்கூனிலை காசு கிடக்குத்தான். ஆனா அவன் அங்கை கிடக்கிற காலத்திலை, இஞ்சை நிக்கிறவன் நாகபட்டினத்துக்கு நாலு தரம் போட்டு வந்திடுவான்." பிறகு மணலில் சீட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்த எம்மைப் பார்த்து, "காத்தை விட்டிட்டுக் கப்பல் விட்டால் காத்துச் சும்மா இருக்குமே?" என்றார்.

வரலாற்றுப் பட்டம் பெற்ற நாம், பருவக்காற்றைப் பற்றி ஆண்டுதோறும் கரும்பலகையில் அம்புக்குறி இட்டு விளக்கும் நாம், அக்காற்றை எமது கடலில் வைக்க மறந்திருந்தோம். பேருந்து என்று பத்தாந் தர மாணவன் எழுதினான். பஸ் என்று தொண்ணூறு வயதுக்காரர் சொன்னார். முதலாமவனின் சொல்லுக்கு நாம் கோடிழுத்தோம். இரண்டாமவர் எமது மாணவர் அல்லர் ஆகையால் தப்பினார்.

அன்றிரவு எமக்கு ஸ்கிரபிள் என்னும் சொற்கட்டு விளையாட்டின் கதை நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் 1930களின் மந்தநிலையில் வேலையிழந்த அல்பிரெட் பட்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் அதனை ஆக்கினார். பத்திரிகைப் பக்கங்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை தடவை வருகின்றது என்று எண்ணி எண்ணியே எழுத்துக்களின் அளவை வகுத்தார். கம்பனிகள் அதனை ஏற்கவில்லை. 1948இல் ஜேம்ஸ் புரூனொட் என்பவர் பெயரையும் விதிகளையும் திருத்தி, மனைவியோடு தாமே செய்து விற்றார். 1949இல் ஏறத்தாழ 2,400 பெட்டிகள் விற்றும் 450 டொலர் நட்டம். பின்னர் பெரிய அங்காடியொன்றின் தலைவர் விடுமுறையில் அதனை ஆடிப் பார்த்து, ஊர் திரும்பித் தம் அங்காடியில் அது இல்லையென்று கண்டு வியந்தாராம். அதன் பின்னரே அது பரவியதென்று கதை சொல்வர். இக்கதையை முன்னர் படித்தபோது அங்காடித் தலைவர்மீதே எமது கண் இருந்தது. இப்போது, தொடக்கத்திலிருந்து பதினைந்து ஆண்டுகள் அதனைத் திருத்திக்கொண்டேயிருந்தவர்கள்மீது கண் போயிற்று.

தவணை தொடங்கியதும் அந்த மாணவனைக் கூப்பிட்டோம். கோடிழுத்தது இடமின்மையால் அல்ல என்று சொன்னோம். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு எம்மிலும் வெட்கமாக இருந்தது போலும். பெரியவர் சொன்னதைச் சொல்லி, காற்றுச் சீட்டு என்று பன்னிரண்டு சீட்டுக்கள் சேர்க்கப் போகின்றோம், ஆடிப் பார்த்துச் சொல்வாயா என்று கேட்டோம். அவனும் நண்பரும் கணித ஆசிரியரும் மூன்று வாரம் ஆடினர். பத்து ஆட்டத்தில் ரங்கூன் போனவர் வென்றது மூன்று. முதலில் நாம் எழுதிய விதியில் காற்றில்லாச் சீட்டு நான்கு இருந்தது. ஆட்டம் இரண்டு மணித்தியாலம் இழுத்தது. அவர்கள் அதனை இரண்டாக்கினர்.

சீட்டுக்களை அச்சிடப் பெட்டிக்கு 38 ரூபா ஆயிற்று. கடையில் விற்றால் நட்டம் இனி 63 ரூபா என்று கணித ஆசிரியர் நினைவூட்டினார். 236 பெட்டிகளின் உறையையும் நாமும் இல்லாளும் பிள்ளைகளும் பிரித்துச் சீட்டு வைத்து மூடினோம். முன்னரே வாங்கியவர்களுள் முகவரி தெரிந்தோருக்குத் தபாலில் அனுப்பினோம். தெரியாதோருக்காகப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினோம்: எமது விளையாட்டில் ஒரு பெரும்பிழை இருந்தது, ஒரு மாணவனும் ஒரு மாலுமியும் காட்டித் தந்தனர், வாங்கியோர் எழுதினால் திருத்தச் சீட்டு இலவசம். வாசகர் கடிதப் பகுதியில் ஒரு மூலையில் வந்தது. படம் இல்லை, பொக்கிஷம் இல்லை. திருத்தச் சீட்டுக் கேட்டு எழுதியவர் ஏழு பேர். அவர்களைத் தவிர, பெட்டியே வேண்டும் என்று எழுதியவர் பத்தொன்பது பேர். ஒருவர், "அந்தப் பிழை என்ன என்று பார்க்க ஆசையாக இருக்கின்றது, பழைய விதிகளையும் சேர்த்து அனுப்புக" என்று கேட்டிருந்தார்.

அம்மாணவனின் மதிப்புரையை முழுமையாக மறுபடி வெளியிட விரும்பினோம். அவன் மறுத்துவிட்டான். "அது இப்ப பிழை சேர். ரங்கூனுக்குப் போய் இப்ப லேசிலை வெல்லேலாது. நான் வேறை எழுதுறன்" என்றான். எழுதினான். விதித்தாளின் மூன்றாம் பக்கம் விளங்கவில்லை என்றும், சோகிகள் சிறியவை, மேசையிலிருந்து உருண்டு விழுகின்றன என்றும் அதில் இருந்தது. சிவப்புப் பேனாவால் ஓர் எழுத்துப் பிழையை மட்டும் திருத்தினோம்.

இப்போது 118 பெட்டிகள் மீதம் உள. குசினிக் கூரையில் பாதிக்குப் புது ஓடு போட்டாயிற்று. மறுபாதிக்கு இல்லாள் வேறொரு சீட்டில் சேர்ந்திருக்கின்றார். அச்சீட்டுக்கு எமது கை எட்டாத இடத்தில் கணக்குப் புத்தகம் இருக்கின்றது.

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஓர் இரவு, ஒன்பது மணியிருக்கும், தெரியாத இலக்கத்திலிருந்து தொலைபேசி வந்தது. மட்டக்களப்பிலிருந்து ஒரு பெண்மணி. விதித்தாளில் எமது இலக்கம் இருந்ததாகவும், நேரங்கெட்ட நேரத்தில் எடுத்ததற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். மட்டக்களப்புக்கு நாம் ஒரு பெட்டியும் அனுப்பியதில்லை. அது எவ்வாறு அங்கே போயிற்று என்று கேட்டோம். அண்ணியிடம் இரவல் வாங்கியதாம். அண்ணி வேறு யாரிடமோ. பின்னணியில் இரண்டு பிள்ளைகள் ஒரே குரலாகக் கத்திக்கொண்டிருந்தனர்.

"ஒரு சண்டை தீர்க்க வேணும், சேர். கப்பல் நாகபட்டினத்திலை நிக்குது. வாடைச் சீட்டு விழுந்திட்டுது. ஊருக்குத் திரும்பலாமோ, ஏலாதோ?"

திரும்பலாம், ஒரு சோகி குறைத்து எண்ண வேண்டும் என்றோம். அவர் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து அதனைச் சொன்னதும், ஒரு பிள்ளை கூக்குரலிட்டது. மற்றது அழத் தொடங்கியது. "அது எங்கை எழுதிக் கிடக்கு எண்டு கேளுங்கோ அம்மா" என்றது அழுத பிள்ளை.

மூன்றாம் பக்கத்தில் என்றோம்.